கையெழுத்துப் போட்டவர்கள்

என் மகள் பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாதெமியில் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. சேர்ந்த ஐந்தாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினாள். குதிகால் முழுக்கக் கொப்புளம், நின்றபடியே தூக்கம் வருகிறது என்றாள். பிறகு பேச்சு நின்று அழுகை மட்டும் கேட்டது. "வந்துரு பாப்பா" என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "கொப்புளத்தக் குத்தி விட்றாத, ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோ" என்றேன்.

பக்கத்தில் இருந்த நாத்தனார் கேட்டாள்: "ஏன் மதினி, கெளம்பி வான்னு சொல்லியிருக்கலாம்லா? பொட்டப்புள்ளைய இப்படியா விட்டு வைப்பாக?" மகனை அனுப்பியிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. எனக்கு முன்னால் யாரெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார்கள் என்று தேடத் தொடங்கினேன். தேடல் என்னை 1943ஆம் ஆண்டு சிங்கப்பூருக்குக் கொண்டுபோனது.

அந்த ஆண்டு ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் பெண்களுக்கென ஒரு படையை அறிவித்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்துவந்த லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை ஏற்றார். அக்டோபர் 22 அன்று ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழ்ப் பெண்கள். பள்ளிக்கூடமே பார்க்காத பலர் அங்கே துப்பாக்கி பிடிக்கக் கற்றார்கள். கட்டளைகளை இந்துஸ்தானியில் கேட்டுப் பழகினார்கள். அந்த மொழியை ரோமன் எழுத்தில் படித்தார்கள்.

ஆனால் படையில் சேர ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. மணமாகாதவள் என்றால் தகப்பனுடையது, மணமானவள் என்றால் கணவனுடையது. நாட்டுக்காக உயிரைக் கொடுக்க முன்வந்தவளுக்கும் அந்த உயிரின் மீது சொந்த அதிகாரம் இல்லை. கோலாலம்பூரில் போஸின் பேச்சைக் கேட்டுக் காதணிகளைக் கழற்றிக் கொடுத்த ஜானகி தேவருக்கு அப்போது 18 வயது. நகையைக் கழற்ற யாரையும் கேட்கவில்லை. படையில் சேர அப்பாவின் சம்மதம் தேவைப்பட்டது.

அம்மாக்கள் எங்கே இருந்தார்கள்? ஈப்போவின் ரசம்மா 16 வயதில் தன் அக்கா பொன்னம்மாவோடு படையில் சேர்ந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்த வீடு அது. இரண்டு பெண்களும் ஒன்றாகக் கிளம்பிய அன்று அந்தத் தாய் இரவுச் சோற்றை எத்தனை பேருக்கு வடித்திருப்பாள் என்று யோசிக்கிறேன். பின்னாளில் ரசம்மா பூபாலன் ஆசிரியையாகி, மலேசியாவில் ஆசிரியைகளுக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடிய சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். அணிவகுப்பில் நிமிர்ந்த முதுகு பிறகு வளையவில்லை.

லட்சுமியின் தாய் அம்மு சுவாமிநாதன் காங்கிரஸ்காரர். பின்னர் அரசியலமைப்பு நிர்ணய சபையின் உறுப்பினர். 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனபின் இந்தியாவுக்கும் அந்த ஊருக்கும் இடையே தபால் நின்றுபோனது. எனக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் வரும் சில நிமிடக் குரல்கூட அவருக்கு இல்லை.

அந்தப் பெண்கள் பர்மாக் காடுகள்வரை போய்வந்தார்கள். நாடு விடுதலையானது. ஆனால் 1950இன் ராணுவச் சட்டம், அதன் 12ஆம் பிரிவில், அரசு அறிவிக்கும் பிரிவுகளைத் தவிர மற்றவற்றில் பெண்கள் சேர முடியாது என்றது. மருத்துவமும் செவிலியர் பணியும் மட்டும் திறந்திருந்தன. மற்ற கதவு 1992இல்தான் கொஞ்சம் திறந்தது. அந்த ஆண்டு 25 பெண்கள் இதே பரங்கிமலைக்குப் பயிற்சிக்கு வந்தார்கள். 1993 மார்ச்சில் அதிகாரிகளானார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பணிக்காலம் ஐந்தே ஆண்டுகள்.

நிரந்தரப் பணி கேட்டு அவர்கள் நீதிமன்றம் போனபோது, பிள்ளைப்பேறு, குழந்தை வளர்ப்பு, குடும்பக் கடமை ஆகியவற்றையெல்லாம் அரசு காரணமாக அடுக்கியது. கிராமத்திலிருந்து வரும் ஆண் சிப்பாய்கள் பெண்ணின் கட்டளையை ஏற்கமாட்டார்கள் என்றும் வாதிட்டது. 2020 பிப்ரவரி 17 அன்று உச்சநீதிமன்றம் இதை ஏற்க மறுத்து, பெண்களுக்கும் நிரந்தரப் பணி வழங்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது என் நாத்தனார் நினைவுக்கு வந்தாள். அவள் கேள்வியும் அரசின் வாதமும் ஒரே ஊர்க்காரர்கள்.

இவ்வளவும் சொன்னபிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். துப்பாக்கி ஏந்துவதே விடுதலை என்று நான் நம்பவில்லை. சீருடைகளின் கீழ் வாழ நேர்ந்த பெண்களின் கதைகளைப் படித்தவள் நான். அதை மகளிடமும் சொன்னேன். அவள், "தெரியும்மா. தெரிஞ்சவங்க உள்ள இருக்க வேணாமா?" என்றாள். எனக்கு முழுப் பதிலாக அது படவில்லை. ஆனால் அவளுக்கு 23 வயது. அந்தப் பதிலைச் சோதித்துப் பார்க்கும் உரிமை அவளுடையது. என் கருத்து அவளுடைய தடையாக மாறினால், 1943இன் அந்தத் தகப்பன் கையெழுத்துக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே நான் செய்வது சின்ன வேலைகள்தான். ஞாயிற்றுக்கிழமை போனைச் சார்ஜ் போட்டுப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன். வீட்டுச் சண்டைகளைச் சொல்வதில்லை. முருங்கை பூத்ததைச் சொல்கிறேன். கல்யாணப் பேச்சோடு வருகிறவர்களை வாசலிலேயே சமாளித்து அனுப்புகிறேன். அழுதால் முழுவதும் அழவிடுகிறேன். திரும்பி வர நினைத்தால் கதவு திறந்திருக்கும், அதில் அவமானம் ஒன்றுமில்லை என்பதை ஒரே ஒருமுறை சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னால் அது அழைப்பாகிவிடும்.

பயிற்சி முடியும் நாளில் பெற்றோர் பிள்ளையின் தோளில் நட்சத்திரம் அணிவிப்பது வழக்கம். போன வாரம் மகள் கேட்டாள்: "அம்மா, ஒரு தோள் அப்பாவுக்கு, ஒரு தோள் உனக்கு. எது வேணும்?" கொப்புளம் ஆறிவிட்டதா என்று கேட்டேன். "அது ஆறி எத்தனை மாசமாச்சு!" என்று சிரித்தாள். எனக்கு இடது தோள் போதும் என்றேன். அவளைத் தூக்கிச் சுமந்த பக்கம் அது.