சார்லஸ் ரசல் லோவெலின் போர்க்களக் கடிதங்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) வட மாநிலங்களின் ஒன்றியப் படையில் குதிரைப்படைக் கர்னலாக இருந்த சார்லஸ் ரசல் லோவெல் (1835–1864), தம் வாழ்வின் கடைசி மாதங்களில் வர்ஜீனியா மாநிலத்தின் ஷெனன்டோவா பள்ளத்தாக்கிலிருந்து மனைவி ஜோசபின் ஷாவுக்கு எழுதிய கடிதங்கள், அப்போர் விட்டுச்சென்ற தனிமனித ஆவணங்களுள் தனித்து மதிக்கத்தக்கவை. சண்டைகளின் போக்கை அறிய இவற்றினும் விரிவான படை அறிக்கைகள் உள்ளன. ஆனால் தாம் நிறைவேற்றிய ஆணைகள் முறையானவைதாமா என்பதை ஒரு படைத்தலைவர் யாரிடம் மனம் திறந்து எடைபோட்டார் என்பதை அறிக்கைகள் சொல்வதில்லை. அதைச் சொல்வதே இக்கடிதங்களின் பெருமை.

லோவெல் பாஸ்டன் நகரில் பிறந்தவர். கவிஞர் ஜேம்ஸ் ரசல் லோவெலின் அண்ணன் மகன். 1854இல் ஹார்வர்டில் தம் வகுப்பின் முதல் மாணவராகத் தேறி, இரும்பாலையிலும் ரயில்வே நிறுவனத்திலும் பணியாற்றியபின், 1861இல் போர் மூண்டதும் குதிரைப்படையில் கேப்டனாகச் சேர்ந்தார். 1862இல் தளபதி மெக்கிளெலனின் அலுவலர் குழுவில் இருந்து ஆன்டீட்டம் போரில் பங்கேற்ற அவர், மறு ஆண்டில் மாசசூசெட்ஸ் 2ஆம் குதிரைப்படை ரெஜிமென்ட்டைத் திரட்டி அதன் தலைமையை ஏற்றார். கலிஃபோர்னியாவிலிருந்து பனாமா வழியாகக் கடல் பயணம் செய்து வந்து சேர்ந்த வீரர்களும் அதில் இருந்தனர்.

ஜோசபின் ஷா, கறுப்பின வீரர்களைக் கொண்ட மாசசூசெட்ஸ் 54ஆம் காலாட்படை ரெஜிமென்ட்டை வழிநடத்தி 1863 ஜூலை 18 அன்று வாக்னர் கோட்டைத் தாக்குதலில் உயிர்நீத்த ராபர்ட் கூல்ட் ஷாவின் தங்கை. லோவெலும் தம் தம்பி ஜேம்ஸை 1862இல் இதே போரில் பறிகொடுத்திருந்தார். இவ்வாறு இரு வீட்டிலும் இழவு விழுந்திருந்த நிலையில், 1863 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருவருக்கும் திருமணம் நடந்தது. அப்போது மணமகளுக்கு இருபது வயது நிரம்பவில்லை. தலைநகர் வாஷிங்டனுக்கு அருகே வர்ஜீனியாவின் வியன்னா என்ற ஊரில் ரெஜிமென்ட் பாசறை அமைத்திருந்த குளிர்காலத்தில் ஜோசபினும் கணவருடன் அங்கே தங்கினார். ஆகவே அவருடைய குதிரைகளையும் உடன் பணியாற்றிய அதிகாரிகளையும் நேரில் அறிந்தவர். பின்னர் வந்த கடிதங்கள் எதையும் விளக்கிக்கொண்டிராமல், பாதியில் விட்ட பேச்சைத் தொடர்வதுபோல அமைந்திருப்பதற்கு இதுவே காரணம்.

1864 ஆகஸ்டில் தளபதி ஷெரிடன் பள்ளத்தாக்குப் படையின் தலைமையை ஏற்றபின் லோவெல் இடைவிடாத மோதல்களில் ஈடுபட்டார். செப்டம்பரில், பல ரெஜிமென்ட்டுகளை உள்ளடக்கிய பிரிகேடு ஒன்றுக்குத் தலைவரானார். இக்காலத்துக் கடிதங்களில் குதிரைகளைப் பற்றிய செய்தி மிகுதி. குண்டுச் சத்தத்துக்கு மிரளத் தொடங்கிவிட்ட பெரால்டு என்னும் குதிரையைச் சண்டைக்கு ஓட்டிச்செல்ல முடியவில்லை என்பதுபோன்ற குறிப்புகளை அவர் அன்போடு எழுதுகிறார். தாம் ஏறியிருந்த குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுடப்பட்டதையோ அவர் மிகச் சுருக்கமாகவே சொல்கிறார். வீட்டிலிருப்பவர் அஞ்சுவார் என்ற கரிசனம் அந்தச் சுருக்கத்தில் தெரிகிறது.

கடிதத் தொகுதியில் ஆழ்ந்து படிக்கத்தக்க பகுதி, 1864 அக்டோபர் தொடக்கத்தில் எழுதப்பட்டது. தென்மாநிலத் தரப்பின் ஜான் மோஸ்பி, ஊர்மக்களிடையே கலந்திருந்து திடீரெனத் தாக்கி மறையும் கரந்தடிப் படை ஒன்றை நடத்திவந்தார். அப்படையினர் அறுவர், பிடிபட்டபின் செப்டம்பர் 23 அன்று ஃப்ரன்ட் ராயல் ஊரில் சுட்டும் தூக்கிலிட்டும் கொல்லப்பட்டனர். தம் பிரிகேடு அதில் பங்குகொண்டதற்காக வருந்துவதாக லோவெல் மனைவிக்கு எழுதினார். பிடிபட்டோர் ஏதேனும் தண்டனைக்கு உரியவர்களே என்று கருதினாலும், நடந்தது போர் விதிகளுக்குள் அடங்குமா என்ற ஐயத்தை அவர் மறைக்கவில்லை. எதிரிப் படைக்கு உணவு கிடைக்காமல் செய்யக் களஞ்சியங்களையும் விளைச்சலையும் எரித்தது பற்றியும் அவர் ஆராய்கிறார்: பள்ளத்தாக்கு முழுவதையும் பாழாக்குவது எதிரியின் போர்வலிமையைக் குலைக்கும் என்பதால் அதற்கு ஒரு காரணம் உண்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாக எரிப்பதில் நியாயம் குறைவு என்பது அவர் கருத்து. கடுமையை முற்றாக மறுக்கும் மென்மனம் இது அன்று. எந்தக் கடுமைக்குக் காரணம் உண்டு, எதற்கு இல்லை என்று பிரித்துப் பார்க்கும் மனம். ஒன்றியப் படையின் அஞ்சலில் ஒழுங்கான தணிக்கை இல்லாதிருந்ததும் இத்தகைய வெளிப்படைக்கு இடம் தந்தது.

அந்த மாதங்களில் ஜோசபின் கருவுற்றிருந்தார். முன்பெல்லாம் ஆபத்தைப் பொருட்படுத்தாத லோவெல், வீடு திரும்பும்வரை குண்டுபடக் கூடாது என்ற ஆசை தம்மையே சில வேளைகளில் அச்சுறுத்துவதாக ஒப்புக்கொள்கிறார். வீரத்துக்குப் பெயர்பெற்ற ஒருவர் அதைத் தம் மனைவியிடம் சொன்னார் என்பதே அவர்களிடையே நிலவிய நம்பிக்கைக்குச் சான்று.

1864 அக்டோபர் 19 அன்று சீடர் கிரீக் போரில், வேகம் தணிந்த குண்டொன்று மார்பில் பட்டுக் குரல் அடங்கியபோதும் லோவெல் களத்தை விட்டு நீங்க மறுத்தார். மாலைத் தாக்குதலில் மீண்டும் குதிரையேறியபோது இரண்டாம் முறை சுடப்பட்டு, மறுநாள் மிடில்டவுன் ஊரில் இறந்தார். பிரிகேடியர் ஜெனரலாக அவரை உயர்த்தும் ஆணை அவர் கைக்கு வந்து சேரவில்லை. மகள் கார்லோட்டா நவம்பர் 30 அன்று பிறந்தாள்.

ஜோசபின் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1876இல் நியூயார்க் மாநில அறநிலைய வாரியத்தின் முதல் பெண் ஆணையராக அமர்ந்து, 1905இல் மறையும்வரை ஏழைகள், தொழிலாளர் நலன்களுக்காக உழைத்தார். தத்துவ அறிஞர் எமர்சனின் மகன் எட்வர்டு வால்டோ எமர்சன், லோவெலின் வாழ்க்கை வரலாற்றையும் கடிதங்களையும் இணைத்து 1907இல் வெளியிட்டார். அந்நூல் கணவரின் குரலை மட்டுமே தருகிறது. போரின் தொடக்க ஆண்டுகளில் இளம்பெண் ஜோசபின் எழுதிய நாட்குறிப்பு, 1911இல் வில்லியம் ரைன்லாண்டர் ஸ்டூவர்ட் அவருடைய அறப்பணிகளைப் பற்றி வெளியிட்ட நூலில் இடம்பெற்றது.