தங்கவயலும் திருச்சபைப் பிரிவும்

தமிழர் தம் ஊரை விட்டுப் பிழைப்புக்காகக் குடியேறிய இடங்களுள் கோலார் தங்கவயல் தனிச் சிறப்புடையது. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்க வேலையைக் கைக்கொண்ட பின்னர், வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து மக்கள் குடும்பம் குடும்பமாக அங்கே சென்றனர். மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் முதலிய இடங்களில் தட்டி வீடுகளில் அமர்ந்த அவர்கள், தம் மொழியோடு வழிபாட்டையும் உடன் கொண்டு சென்றனர். அவர்களுள் கிறிஸ்தவராயிருந்தோர் தம் சபைகளை மட்டுமன்றி, சபைகளுக்கிடையே இருந்த வேற்றுமைகளையும் எடுத்துச் சென்றனர். அவ்வேற்றுமைகளுள் ஒன்றன் வரலாற்றை நேயர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

தமிழ்நாட்டில் லுத்தரன் சபையின் கதை, 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கியதிலிருந்து தொடங்குகிறது. அங்கு வேரூன்றிய பணியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லீப்சிக் மிஷன் ஏற்று நடத்தியது. அம்மிஷனில் தொண்டாற்றிய தியடோர் நேதர், பிரான்ஸ் மோன் என்னும் இருவர், வேதாகமத்தின் ஒவ்வொரு சொல்லும் தெய்வ ஏவுதலால் எழுதப்பட்டது, அதில் பிழை என்பதே இல்லை என்னும் உபதேசத்தில் உறுதியாக நின்றனர். அக்காலத்து ஜெர்மன் பல்கலைக்கழகங்களிலோ, வேத நூல்கள் எப்பொழுது, எவரால், எந்நிலையில் எழுதப்பட்டன என்னும் வரலாற்று ஆராய்ச்சி மேலோங்கியிருந்தது. மிஷன் இவ்வுபதேசத்தில் தளர்ந்துவிட்டது என்று இருவரும் முறையிட்டனர். இணக்கம் ஏற்படவில்லை. 1893-இல் அவர்கள் மிஷனை விட்டு நீங்க நேர்ந்தது. அமெரிக்காவிலுள்ள மிசூரி லுத்தரன் சங்கம் 1894-இல் அவர்களை ஏற்று, மறு ஆண்டே மீண்டும் இந்தியாவுக்கு அனுப்பிற்று. நேதர் கிருஷ்ணகிரியில் பணி தொடங்கினார். அது ஆம்பூர், வாணியம்பாடி, பர்கூர் என்று பரவியது. ஆம்பூரின் கன்கார்டியா பள்ளியும் பெதஸ்தா மருத்துவமனையும் அவ்வழி எழுந்தவையே.

அவ்விருவரையும் பிடிவாதக்காரர் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. மனச்சான்றுக்கு மாறாக ஊதியம் பெறுவதினும் வேலையை இழப்பதே மேல் என்று துணிந்தவர்கள் அவர்கள். ஆயினும் அந்தப் பிணக்கின் சுமையைத் தாங்கியவர், லீப்சிக் நகரத்தையும் மிசூரி நாட்டையும் கனவிலும் கண்டிராத தமிழ்க் குடியானவர் என்பதையும் மறத்தற்கில்லை.

கிருஷ்ணகிரி, ஆம்பூர்ப் பகுதிகள் தங்கவயலுக்கு ஆள் அனுப்பிய ஊர்ப்பக்கங்கள். சென்னை, பெங்களூர் இருப்புப் பாதையில் பௌரிங்பேட்டையில் (இன்றைய பங்காருப்பேட்டை) இறங்கிக் கிளைப் பாதையில் ஏறினால் சுரங்கம் வந்துவிடும். ஆள் சென்ற வழியே சபையும் சென்றது. மிசூரி சங்கத்தாரோ திருவிருந்து முறையில் மிகக் கண்டிப்பானவர்கள். உபதேசத்தில் தம்மோடு முற்றும் ஒன்றுபடாதவருடன் அப்பந்தியில் அமர்தல் தகாது என்பது அவர்கள் கொள்கை. லுத்தரின் ஒரே ஞானோபதேசத்தைச் சிறு வயதில் மனப்பாடம் செய்தவர்கள், ஒரே லைனில் குடியிருந்து ஒரே கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்குபவர்கள் ஆயினும், ஒருவர் லீப்சிக் வழியினரும் மற்றவர் மிசூரி வழியினருமாயின், ஞாயிற்றுக்கிழமை அப்பமும் இரசமும் அவர்களுக்கு வேறு வேறு. பாறை வெடித்து ஆள் மாண்டால் மட்டும் துக்க வீட்டில் அந்த வேற்றுமை நிற்பதில்லை.

இது புதிதன்று. 1529-இல் மார்பர்க் நகரில் லுத்தரும் சுவிங்லியும் கூடி 15 பிரிவுகளை ஆராய்ந்தனர். 14-இல் உடன்பட்டனர். திருவிருந்தைப் பற்றிய இறுதிப் பிரிவில் கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் அப்பத்திலும் இரசத்திலும் மெய்யாகவே உள்ளனவா என்ற ஒரு வினாவில் மாறுபட்டுப் பிரிந்தனர்.

வேறொரு வழியும் தென்னாட்டிலேயே காணப்பட்டது. 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை அமைந்தபோது, ஆங்கிலிக்கன் சபையாரும் வெஸ்லியன் மெதடிஸ்டுகளும், முன்னரே ஒன்றிணைந்திருந்த பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபையாரும் ஒரு திருச்சபையாயினர். எந்தச் சபையின் மேலும் அது பழகாத வழிபாட்டு முறையையோ ஊழியத்தையோ வலிந்து சுமத்துவதில்லை என்று உறுதி செய்துகொண்டனர். அந்த ஒரு வாக்குறுதியே இணைப்பின் உயிர்நாடி என்பது நம் கருத்து. லுத்தரன் சபைகள் அதில் சேரவில்லை; உபதேச ஒற்றுமையை முதலில் காண வேண்டும் என்றனர். கோலார் நகரில் பணியாற்றிய அமெரிக்க மெதடிஸ்டுகளும் சேரவில்லை. பேச்சுகள் பல ஆண்டுகள் நடந்தன. முழு இணைப்பு கைகூடாவிடினும், 1969-இல் மதுரை அரசரடியில் தென்னிந்தியத் திருச்சபையும் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் சேர்ந்து தமிழ்நாடு இறையியல் கல்லூரியை நிறுவின. குருமார் ஒன்றாகப் பயின்ற பின்னர் மக்கள் தனித்து நிற்பது அரிதல்லவா?

லுத்தரன் பிரிவின் பிற்பகுதி இன்னும் சுவையானது. லீப்சிக் வழிச் சபை 1919-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாகவும், மிசூரி வழிச் சபை 1950-களின் இறுதியில் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாகவும் தந்நிர்வாகம் பெற்றன. இரண்டும் உலக லுத்தரன் சம்மேளனத்தில் உறுப்பாயின. 1984-இல் புதாபெஸ்தில் கூடிய அச்சம்மேளனம், தன் உறுப்புச் சபைகள் யாவும் பிரசங்கபீடத்திலும் திருவிருந்திலும் ஒருமைப்பட்டவை என்று அறிவித்தது. 1893-இல் பிரிந்த பந்தி 91 ஆண்டுகளுக்குப் பின் கொள்கையளவில் ஒன்றாயிற்று. வேத ஏவுதலைப் பற்றிய வினா முடிந்துவிட்டதா? இல்லை. அதை வைத்துக்கொண்டே ஒரு பந்தியில் அமரலாம் என்று கண்டனர்.

தங்கவயலில் வாதம் அஞ்சத்தக்க பொருளாக இருந்ததில்லை. மாரிக்குப்பத்தில் அயோத்திதாச பண்டிதரின் பௌத்த சங்கக் கிளை இயங்கியது. அவர் நடத்திய 'தமிழன்' இதழ், 1914-இல் அவர் மறைந்த பின், 1926 முதல் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. தட்டி வீட்டுக்காரரும் மதத்தைப் பற்றிக் கேள்வி கேட்ட ஊர் அது. கேள்விக்கு விடை சொல்லத் தெரியாத சபை அங்கே நிலைத்திருக்க இயலாது. விடையை மட்டும் அறிந்து, இரவு ஷிப்டு முடித்து வருபவனுக்கு ஆராதனை நேரத்தை மாற்றித் தராத சபையும் நிலைத்திராது.

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின்னர் தங்கவயல் மக்கள் பல்லாயிரவர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். குடியே பெயர்ந்து மும்பைக்கும் டில்லிக்கும் சென்றவர், அங்கே தம் பழைய சபை இல்லையெனில் எந்தத் தமிழ்ச் சபையில் சேர்வது என்று வினவுகின்றனர். அவர் கையிலுள்ள சபைச் சான்றிதழில் எந்தத் திருச்சபையின் முத்திரை இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், அவருக்கு உட்கார இடம் தரும் சபைகளை நாம் பல ஊர்களில் கண்டிருக்கிறோம்.