இரண்டு வீடு, இரண்டு கார், ஒரு குழந்தை

எங்கள் புதுச்சேரியில், பிரான்சில் உறவினர் இல்லாத தெரு குறைவு. அங்கிருந்து வரும் செய்திகளில் கல்யாணம், குழந்தைப் பேறு இவற்றோடு இப்போது பிரிவும் சேர்ந்துவிட்டது. பிரிந்த பெற்றோருக்குள் வரும் ஒரு தகராறு நம் ஊர்ப் பெரியவர்களுக்கு விநோதமாகத் தோன்றும்: குழந்தையைக் காரில் எந்த இருக்கையில், எந்தத் திசை பார்த்து உட்கார வைப்பது? கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் இந்தத் தகராறுக்குப் பின்னால் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

முதலில் யார் சொல்வது செல்லும் என்பதைப் பார்ப்போம். நெப்போலியன் 1804-ல் கொண்டு வந்த சிவில் சட்டத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அதில் இருந்தது 'புய்சான்ஸ் பத்தெர்னெல்', அதாவது தந்தையின் அதிகாரம். திருமணம் நீடிக்கும்வரை அதைத் தந்தை மட்டுமே செலுத்தலாம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை ஒரு மாதம் வரை அடைத்து வைக்கும்படி அவர் கேட்டால் நீதிபதி மறுக்க முடியாது. 1881 ஆணைப்படி தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்த எங்கள் ஊர் 'ரெனோன்சான்' குடும்பங்களுக்கும் அந்தச் சிவில் சட்டம்தான்.

தாயின் சொல்லுக்குச் சம இடம் கிடைக்க 166 ஆண்டுகள் ஆயின. 1970 ஜூன் 4-ம் தேதிச் சட்டம் தந்தையின் அதிகாரத்தை நீக்கி 'ஒத்தோரித்தே பரான்தால்' என்ற பெற்றோர் பொறுப்பைக் கொண்டு வந்தது. விவாகரத்துக்குப் பிறகும் இருவரும் சேர்ந்து அதை வகிக்கலாம் என்றது 1987-ம் ஆண்டுச் சட்டம். 1993-ல் அதுவே பொது விதியானது. குடும்ப வழக்குகளுக்கென்று தனி நீதிபதியும் அதே சட்டத்தில் வந்தார். பிரிவு என்பது பெற்றோர் பொறுப்பை மாற்றாது என்று 2002 மார்ச் 4-ம் தேதிச் சட்டம் உறுதி செய்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் இரண்டு சொல்லுக்கும் ஒரே எடை வந்துவிட்டால், இரண்டும் முரண்படும்போது எது செல்லும்?

இனி இருக்கையின் கதை. 1930-களில் விற்ற குழந்தை இருக்கைகள் பாதுகாப்புக்காகச் செய்யப்பட்டவை அல்ல. குழந்தை ஓரிடத்தில் இருக்க வேண்டும், வெளியே வேடிக்கை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். 1960-களில் சுவீடன் நாட்டு மருத்துவர் பெர்ட்டில் ஆல்ட்மன், ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் முதுகு சாய்ந்து புறப்படுவதைக் கவனித்தார். வேகத்தின் தாக்குதலை முதுகு முழுவதும் பகிர்ந்துகொள்கிறது. அப்படியானால் குழந்தை ஏன் காரின் பின்பக்கம் பார்த்து உட்காரக் கூடாது? பிறந்த குழந்தையின் தலை, உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, கழுத்தோ இளசு. 50 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது, சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அந்த அடியைக் கழுத்து தாங்க வேண்டுமா, முதுகா என்பதே கேள்வி.

அமெரிக்காவில் முதன்முதலில் இதைச் சட்டமாக்கிய மாநிலம் டென்னசி. ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் விடாமல் முயன்று 1977-ல் அதை நிறைவேற்ற வைத்தார். 1978 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. அதிலும் ஒரு விலக்கு நுழைந்துவிட்டது: பெரியவர் கையில் வைத்திருக்கும் குழந்தைக்கு இருக்கை வேண்டாம். தாயின் மடியைவிடப் பாதுகாப்பான இடம் உண்டா என்ற எண்ணம், நமக்கும் பழக்கமானதுதான். மோதும்போது எந்தக் கையும் குழந்தையைப் பிடித்து வைக்க முடியாது. அந்த விலக்கு 1981-ல் நீக்கப்பட்டது.

டென்னசி சட்டம் பெற்றோரையும் சட்டப்படியான காப்பாளரையும் பார்த்துப் பேசியது. பிரான்ஸ் வேறு வழியில் போனது. 1992 ஜனவரி 1 முதல் 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு உரிய இருக்கை கட்டாயம் என்றபோது, பொறுப்பை ஓட்டுநரின் தலையில் வைத்தது. தந்தையோ, தாயோ, தாத்தாவோ, அண்டை வீட்டுக்காரரோ, ஸ்டீயரிங்கைப் பிடிப்பவரே பதில் சொல்ல வேண்டும். தவறினால் 135 யூரோ அபராதம். நம் நாட்டிலும் 2019 திருத்தத்தில் வந்த 194பி பிரிவு, 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பெல்ட்டோ இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் செல்பவருக்கு 1000 ரூபாய் அபராதம் விதிக்கிறது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் உறவினர்கள் கடிதங்களைப் படித்துச் சொல்லக் கேட்பார்கள். அப்படி வந்த ஒரு வக்கீல் கடிதத்தில் தந்தை சொல்கிறார்: மகனுக்கு 15 மாதம் முடிந்தது, 2013-ல் வந்த ஐரோப்பிய விதிப்படி இனி முன்பக்கம் பார்த்து உட்காரலாம். தாய் சொல்கிறார்: சுவீடனில் நான்கு வயது வரை பின்பக்கம்தான், உங்கள் காரிலும் அப்படியே இருக்க வேண்டும். இருவருமே பொய் சொல்லவில்லை. தந்தை சட்டத்தின் குறைந்தபட்ச அளவைப் பேசுகிறார். தாய் மருத்துவத்தைப் பேசுகிறார்.

முடிவாகாவிட்டால் நீதிபதியிடம் போகலாம். அவர் சமரசம் பேசுபவரிடம் அனுப்பவும் கூடும். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் குழந்தை கைமாறும் வாசலில் நீதிபதி நிற்க மாட்டார்.

அலுவலகத்தில் விதிகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். குறைந்தபட்ச அளவு என்பது அன்றைக்குப் பெரும்பாலோர் ஒப்புக்கொண்ட எல்லை மட்டுமே. 1978-ல் அது தாயின் மடி. பிறகு ஐரோப்பாவில் 9 கிலோ எடை. இப்போது 15 மாதம். ஒவ்வொரு முறையும் எல்லை நகர்ந்த திசை, அதிகம் பயந்தவர் காட்டிய திசைதான். ஆகவே இருவரில் ஒருவர் இன்னும் கொஞ்சம் கவனம் கேட்டால், அது தன் அதிகாரத்தைக் குறைப்பதாக மற்றவர் எண்ண வேண்டியதில்லை. கேட்பவரும் அதைப் பழைய கணக்குத் தீர்க்கும் ஆயுதமாக்கக் கூடாது. யார் சொல் பெரிது என்ற வழக்கு 1970-லேயே முடிந்துவிட்டது. பெல்ட் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் ஒவ்வொரு பயணத்திலும் புதிதாகச் செய்ய வேண்டிய வேலை.