பார்வைக் குறைபாடும் தொடுதிரைத் திறன்பேசியும்: நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்குமான வழிகாட்டி

நீரிழிவு விழித்திரை நோய், கண்நீர் அழுத்த நோய் போன்றவற்றால் பார்வை இழந்தவர்களுள் பலர், கைபேசியையும் அத்துடன் கைவிட்டுவிடுகின்றனர். வங்கிக் குறுஞ்செய்தியையும் ரகசிய எண்ணையும் பிறரிடம் ஒப்படைக்கும் நிலை இதனால் உருவாகிறது. இந்த இழப்பு பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது. பொத்தான்கள் இல்லாத கண்ணாடித் திரையையும் பார்வையின்றிப் பயன்படுத்த இயலும். அதற்குத் தேவையானவை முறையான பயிற்சியும் சில வாரப் பொறுமையுமே.

திரைவாசிப்பான் என்றால் என்ன?

திரையில் உள்ளவற்றைக் குரலில் கூறும் மென்பொருளே திரைவாசிப்பான். ஐபோனில் 2009ஆம் ஆண்டு முதல் 'வாய்ஸ்ஓவர்' உள்ளது. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் 'டாக்பேக்' உள்ளது. இவற்றுக்குத் தனிக் கட்டணம் இல்லை. கைபேசி அமைப்புகளில் 'அணுகல்தன்மை' என்னும் பகுதியில் இவற்றை இயக்கலாம். புதிய பதிப்புகளில் தமிழ்க் குரலும் கிடைக்கிறது.

அடிப்படை விரலசைவுகள்

திரைவாசிப்பான் இயங்கும்போது தொடுதலின் பொருள் மாறுகிறது.

• ஒருமுறை தொட்டால், விரலின் கீழ் உள்ளது எதுவென்று குரல் கூறும், செயலி திறக்காது.
• திரையில் எங்கேனும் விரைந்து இருமுறை தட்டினால், கடைசியாகக் கூறப்பட்டது திறக்கும்.
• ஒரு விரலால் வலப்புறம் தள்ளினால் அடுத்ததற்கும், இடப்புறம் தள்ளினால் முந்தையதற்கும் செல்லலாம்.
• பக்கத்தை நகர்த்த, ஆண்ட்ராய்டில் இரு விரல்களும் ஐபோனில் மூன்று விரல்களும் தேவை.
• புதிய பதிப்புகளில், இரு விரல்களால் இருமுறை தட்டினால் அழைப்பை ஏற்கலாம், முடிக்கலாம்.

பிரெய்ல் எழுத்துகளைப் படிக்க விரல்நுனியில் நுண்ணிய தொடுவுணர்வு வேண்டும். நீரிழிவால் நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு இது கடினமாகலாம். திரைவாசிப்பானோ செவியை நம்பி இயங்குவது. எனவே, பிரெய்ல் கற்க இயலாதவர்களும் மனம் தளர வேண்டியதில்லை.

எஞ்சிய பார்வை உள்ளவர்களுக்கு

எல்லோருக்கும் குரல்வழி வாசிப்பு தேவைப்படுவதில்லை. விழித்திரையின் மையப் பகுதி பாதிக்கப்பட்டவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்குவது உதவும். கண்நீர் அழுத்த நோயால் பார்வைப் புலம் குறுகியவர்களுக்கு, மிகப் பெரிய எழுத்து இடையூறாகவும் அமையலாம்; ஒரு சொல்லே முழுமையாகப் பார்வைக்குள் அடங்காமற்போகும். வெளிச்சத்தால் கண் கூசுவோர் கரிய பின்னணியில் வெண்ணிற எழுத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

முதல் சில வாரங்கள்

தொடக்கத்தில் எளிய செயலுக்கும் நீண்ட நேரம் பிடிக்கும். இது இயல்பே. நாள்தோறும் சிறிது நேரம் அமைதியான இடத்தில் பழகுதல் நன்று. முதலில் நேரத்தைக் கேட்டறிதல், அடுத்து அழைப்பை ஏற்றல், பின்னர் ஓர் எண்ணை அழைத்தல், அதன்பின் மருந்து வேளைக்கு அலாரம் வைத்தல் என ஒன்றன்பின் ஒன்றாகக் கற்க வேண்டும். குரலின் வேகத்தைக் குறைத்துத் தொடங்கலாம். செவித்திறன் குறைந்த முதியோர் காதுப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது.

பணத்தாளின் மதிப்பை அறிய, இந்திய ரிசர்வ் வங்கி 2020இல் வெளியிட்ட 'மணி' செயலி உதவும். இணைய இணைப்பு இன்றியும் இது இயங்கும். ஆனால் மருந்தின் பெயரையும் இன்சுலின் அளவையும் கைபேசிக் கேமராவை மட்டும் நம்பி முடிவு செய்யலாகாது.

பராமரிப்பாளர்கள் கவனத்திற்கு

• திரைவாசிப்பான் இயங்கும் கைபேசி, வழக்கம்போல் தொட்டால் திறக்காது. இது பழுது அன்று. பழுதென்று எண்ணி அவ்வசதியை நிறுத்திவிட வேண்டா.
• கைபேசியைப் பிடுங்கி நீங்களே செய்து முடிக்காதீர்கள். சொல்லிக்கொடுத்துவிட்டு, அவர் விரல் தானே தேடிக் கண்டறியும்வரை காத்திருங்கள்.
• முகப்புத் திரையில் செயலிகளின் இடத்தை அவரிடம் கூறாமல் மாற்றாதீர்கள்.
• சில செயலிகளில் பொத்தான்களுக்குப் பெயர் இராது. அவற்றுக்குப் பெயரிடும் வசதி திரைவாசிப்பானில் உண்டு. அதற்கு நீங்கள் உதவலாம்.

பாதுகாப்பும் அந்தரங்கமும்

ரகசிய எண்ணை உள்ளிடும்போது காதொலிப்பான் அணிந்து, திரையை மறைக்கும் வசதியையும் இயக்குக. ஒருமுறைக் கடவுச்சொல்லை எவரிடமும் கூறலாகாது. பணமோசடி நேர்ந்தால் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்கவும். சாலையில் நடக்கும்போது இரு காதுகளையும் அடைத்துக்கொள்ள வேண்டா. வாகன ஒலியே அப்போது உங்களுக்கு வழிகாட்டி.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

திறன்பேசிப் பயிற்சி கண் சிகிச்சைக்கு மாற்று அன்று. பார்வை திடீரெனக் குறைதல், ஒளிக்கீற்று அல்லது கரும்புள்ளிகள் புதிதாகத் தோன்றுதல், திரை விழுந்தாற்போல் ஒரு பக்கம் மறைதல், கடும் கண்வலி ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்தாலும் அன்றே கண் மருத்துவரை அணுகவும். நீரிழிவு உள்ளோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

பார்வை திரும்பாது என மருத்துவர் கூறியிருப்பின், மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் தனித்துவ அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கவும். பயிற்சி, உதவி உபகரணங்கள் குறித்து மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டறியலாம். பார்வை இழந்த தொடக்க நாட்களிலேயே பயிற்சியைத் தொடங்குவது, பிறரைச் சார்ந்திருக்கும் பழக்கம் வேரூன்றாமல் காக்கும்.