பேங்க்கை மூடச் சொன்ன முதலாளி

முப்பத்துநான்கு வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். டிசம்பர் பிறந்தால் கிளையில் எல்லோரும் ஆவலாகத் தேடுவது அடுத்த வருட விடுமுறைப் பட்டியலைத்தான். இங்கிலாந்தில் 'பேங்க் ஹாலிடே'யைச் சட்டமாக்கியவர் ஒரு வங்கி முதலாளி என்று படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

அவர் பெயர் ஜான் லப்பக். 1834இல் லண்டனில் பிறந்தவர். 'சர்' பட்டம் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பம், தொழில் வங்கி. அப்பாவுக்குக் கணிதத்திலும் வானவியலிலும் பெரும் ஈடுபாடு. ஈட்டன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பையனை, வங்கியில் ஆள் போதவில்லை என்று பாதியில் நிறுத்திக் கூட்டிவந்துவிட்டார்கள். அப்போது வயது பதினான்கு, பதினைந்து இருக்கும். அதன்பின் கல்லூரி வாசலை மிதிக்கவே இல்லை. 22 வயதில் வங்கியின் பங்குதாரர்.

கல்லூரிக்கு ஈடாக அவருக்கு ஒரு பக்கத்து வீட்டுக்காரர் வாய்த்தார். "ஒரு நல்ல சேதி" என்று அப்பா ஒருநாள் சொன்னாராம். எட்டு வயதுப் பையன் குதிரைக்குட்டிதான் வரப்போகிறது என்று துள்ளினான். வந்தது சார்லஸ் டார்வின்! கென்ட் பகுதியில் டவுன் என்ற கிராமத்துக்கு 1842இல் அவர் குடிவந்தார். லப்பக் பிற்காலத்தில் எறும்புகளை வளர்த்து ஆராய்ந்ததெல்லாம் அந்தச் சகவாசத்தின் பலன். எறும்புகளுக்குச் சாராயம் கொடுத்தும் பார்த்திருக்கிறார். மயங்கிக் கிடந்த தன் கூட்டத்து எறும்பை மற்றவை பெரும்பாலும் வீட்டுக்குத் தூக்கிப் போயின. வேற்றுக் கூட்டத்ததைத் தண்ணீரில் தள்ளிவிட்டன. பழைய கற்காலம், புதிய கற்காலம் என்று நாம் பள்ளியில் படித்த பிரிவுகளுக்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவரும் இவரே, 1865இல்.

1870இல் மெய்ட்ஸ்டன் தொகுதியில் லிபரல் கட்சி எம்.பி. ஆனார். மறு வருடமே விடுமுறைச் சட்டம். ஒரு காலத்தில் பேங்க் ஆஃப் இங்கிலாந்துக்கு வருடத்தில் முப்பதுக்கும் மேல் விடுமுறைகள் இருந்தன. 1834இல் அதை நாலாகச் சுருக்கிவிட்டார்கள். லப்பக் நாலு நாட்களைச் சேர்த்தார்: ஈஸ்டர் திங்கள், விட்சன் திங்கள், ஆகஸ்ட் முதல் திங்கள், டிசம்பர் 26.

இதில் வங்கிக்காரர் மூளை வேலை செய்த இடம் ஒன்று உண்டு. விடுமுறையன்று கெடு முடியும் பில்லுக்கு என்ன கதி? கிறிஸ்துமஸில் கெடு விழுந்தால் முதல் நாளே பணம் கட்டியாக வேண்டும் என்பது அங்கே வழக்கம். புதிய விடுமுறைகளுக்கு மட்டும் மறுநாள் கட்டினால் போதும் என்று லப்பக்கின் சட்டம் சொன்னது. (நம் 1881ஆம் வருடச் சட்டத்தின் 25ஆம் பிரிவு முந்தைய வேலைநாள் என்கிறது. பழைய நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும்.) பில்லும் செக்கும் நகராத நாளில் வியாபாரி கடையைத் திறந்து என்ன செய்வான்? அவனும் மூடினான். பெயர் என்னவோ வங்கி விடுமுறை. ரயில் ஏறிக் கடற்கரைக்குப் போனது ஊரே. ஜனங்கள் அந்த நாளுக்கு 'செயின்ட் லப்பக் டே' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஏவ்பரி என்ற ஊரில் பழங்காலக் கல்வட்டம் இருக்கும் இடத்தில் வீடு கட்டக் கிளம்பியபோது நிலத்தைத் தானே வாங்கி அதைக் காப்பாற்றினார். பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டத்துக்காகப் பல வருடம் போராடி 1882இல் நிறைவேற்றினார். 1900இல் பிரபு பட்டம் கிடைத்தபோது அந்த ஊர்ப் பெயரையே வைத்துக்கொண்டார்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது கடைச் சிப்பந்திகள் விஷயம். இரவு வெகுநேரம் வரை நின்றே வேலை பார்த்தவர்கள் அவர்கள். 1886இல் அவர் கொண்டுவந்த சட்டம், 18 வயதுக்குக் குறைந்தவர்களை வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றது. 74 மணி நேரமே சலுகை என்றால் அதற்கு முன் எப்படி இருந்திருக்கும்! அதோடு அவர் விடவில்லை. மேல்சபைக்குப் போன பிறகும் இதையே பேசினார். கடைச் சிப்பந்திகளுக்கு வாரத்தில் அரைநாள் ஓய்வு சட்டமானது 1911 டிசம்பரில். அப்போது அவருக்கு வயது 77. அடுத்த ஒன்றரை வருடத்தில், 1913 மே மாதம், கென்ட் கடலோரத்தில் இருந்த கிங்ஸ்கேட் மாளிகையில் காலமானார்.