சைலன்சர் பொட்டிக்குள்ள என்ன இருக்கு?

தி.நகரில் மளிகைக்கடை வைத்திருக்கும் என் மச்சான் போன வாரம் கேட்டார்: "மாப்ள, டீசல் பிக்கப்புல இழுவையே இல்ல. அந்தப் பொட்டியக் கழட்டிட்டு வெறும் பைப் மாட்டிரலாமா?"

ஒரு காலத்தில் இதெல்லாம் சகஜம். புதுப்பேட்டையில் பழைய சாமானைத் தேடிப் பிடித்து மாட்டினால் முடிஞ்சது. அப்போ சைலன்சருக்கு ஒரே வேலை, சத்தத்தைக் குறைப்பது. புகை? அப்படியே நம்ம மூஞ்சியில்!

2000-ல் கார், லாரிகளுக்கு நாடு முழுக்க யூரோ 1 அளவிலான விதி வந்தது. சென்னைக்கு 2005-ல் பாரத் ஸ்டேஜ் 3, 2010-ல் 4. எல்லா ஊருக்கும் 4 வர 2017 ஆச்சு. அப்புறம் 5-ஐத் தாண்டிக் குதிச்சு, 2020 ஏப்ரலில் நேரா 6. டீசலில் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து 10-க்கு இறங்கியது. அதனால்தான் கரியைப் பிடித்து எரிக்கும் ஃபில்டரைப் புகைக்குழாயில் நம்பி வைக்க முடிந்தது.

மச்சான் வண்டி 2021 மாடல். பாண்டி பஜார் நெரிசலிலேயே நின்னு நின்னு ஓடினால் ஃபில்டர் அடைச்சுக்கும், இழுவையும் குறையும். வாரம் ஒருமுறை ஜிஎஸ்டி ரோட்டில் நல்லா ஓட்டினால் சூட்டில் கரி எரிஞ்சிடும்.

"கழட்டினா சட்டப்படி தப்பு, அது இருக்கட்டும் மச்சான். வண்டி நிக்கிற அதே வாசல்லதானே பாப்பா உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுது?" என்றேன்.

ஞாயித்துக்கிழமை செங்கல்பட்டு வரைக்கும் போயிட்டு வந்தோம். பொட்டி அப்படியேதான் இருக்கு :-)