சிரிக்க வைக்கும் நாவும் பொறுப்பைச் சுமக்கும் தோளும்: மைசூன் ஸாயித்

அரசியல் பொறுப்பில் இருப்பவர் ஒவ்வொரு சொல்லையும் அளந்து பேச வேண்டும். ஸ்டாண்ட் அப் காமெடி செய்பவரோ அளக்காமல் பேசுவது போலப் பேச வேண்டும். இந்த இரண்டையும் ஒரே ஆள் செய்வது யாருக்கும் சிரமம். அந்த ஆள் அமெரிக்காவில் வாழும் முஸ்லிம் பெண்ணாக இருந்தால் சிரமம் பல மடங்காகிறது. மைசூன் ஸாயித் அவர்களின் வாழ்க்கையை நாம் இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

ஃபலஸ்தீனப் பெற்றோருக்குப் பிறந்து, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வளர்ந்தவர் மைசூன். பிரசவத்தின்போது ஏற்பட்ட பாதிப்பால் பிறவியிலேயே பெருமூளை வாதம். உடல் எந்நேரமும் நடுங்கிக்கொண்டே இருக்கும். இந்தப் பிள்ளை நடக்காது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். தந்தை அதை ஏற்கவில்லை. மகளின் பாதங்களைத் தம் பாதங்கள்மீது வைத்து, அப்படியே நடந்து நடந்து ஐந்து வயதில் அவரை நடக்க வைத்தார். பயிற்சி மருத்துவத்துக்குப் பணம் இல்லாததால் பெற்றோர் அவரை நடனப் பள்ளியில் சேர்த்தார்கள். அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்று அஞ்சி, குறையுள்ள பிள்ளையைத் திருமண வீட்டுக்குக்கூட அழைத்துச் செல்லாத பெற்றோர் நம் ஊர்களில் இன்றும் உண்டு. அவர்களுக்காகவே இதைச் சற்று விரித்துச் சொல்கிறோம்.

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் நாடகக் கலை படித்தார். அங்கே ஒரு நாடகம் அரங்கேறியது. அதன் நாயகிக்கும் பெருமூளை வாதம். வேடம் தமக்குத்தான் என்று மைசூன் நம்பியிருந்தார். அந்த நோய் இல்லாத ஒரு மாணவிக்கு அது போனது. நாடகத்தில் வரும் அசைவுகளை இவரால் செய்ய முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். தம்மால் செய்ய முடியாததை அந்தக் கதாபாத்திரம் மட்டும் எப்படிச் செய்யும் என்று அவர் பின்னாளில் மேடையில் கேட்டபோது அரங்கம் சிரித்தது. இந்த ஒரு கேள்வியில் ஒரு முழு வழக்கே அடங்கியிருக்கிறது என்பது நம் கருத்து.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் அரபுப் பெயர் வைத்திருப்பதே குற்றம் என்பது போன்ற சூழல் உருவானது. அந்தச் சூழலில், 2003-ல், டீன் ஓபைதல்லாஹ் என்ற நகைச்சுவையாளருடன் சேர்ந்து நியூயார்க் அரபு அமெரிக்க நகைச்சுவை விழாவை மைசூன் தொடங்கினார்.

அரசியலுக்கு அவர் வந்தது 2008-ல். அங்கே கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேசிய மாநாட்டில் கூடும் பேராளர்கள் வாக்களித்து அறிவிக்கிறார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் டென்வர் நகரில் ஜனநாயகக் கட்சியின் மாநாடு நடந்தது. பராக் ஒபாமா வேட்பாளராக அறிவிக்கப்பட்ட அந்த மாநாட்டில் மைசூன் ஒரு பேராளர். இது அமைச்சர் பதவியோ உறுப்பினர் பதவியோ அல்ல. ஆனாலும் கட்சியின் பெயரைச் சுமக்கிற பொறுப்பு. அந்த ஆண்டு அது எவ்வளவு கனமானது என்பதை இன்றைய வாசகர்கள் மறந்திருக்கலாம். ஒபாமா ரகசிய முஸ்லிம் என்ற வதந்தி நாடெங்கும் பரப்பப்பட்டது. ஜூன் மாதம் டெட்ராய்ட் கூட்டத்தில், தொலைக்காட்சிப் படத்தில் தெரிந்துவிடும் என்பதற்காக, ஹிஜாப் அணிந்த இரண்டு பெண்களை அவரது சொந்தத் தொண்டர்களே மேடைக்குப் பின்னுள்ள இருக்கைகளில் அமரவிடவில்லை. பிறகு ஒபாமா வருத்தம் தெரிவித்தார். எதிர்க்கட்சியைச் சேர்ந்த முன்னாள் வெளியுறவு அமைச்சர் காலின் பவல், அவர் முஸ்லிமாகவே இருந்தாலும் அதனால் என்ன என்று கேட்டது அக்டோபரில்தான். முஸ்லிம் என்று தெரிவதே வேட்பாளருக்கு நஷ்டம் என்று சொந்தக் கட்சியினரே கணக்குப் போட்ட நேரத்தில், தம் மார்க்கத்தை மேடையில் வெளிப்படையாகச் சொல்லிச் சிரிக்க வைத்துப் பிழைப்பவர் பேராளராக அமர்ந்திருந்தார்.

சிரிப்பைத் தொழிலாகக் கொண்டவருக்கு அரசியல் எப்படிக் கணக்குத் தீர்க்கும் என்பதற்கு, அதே ஆண்டில் செனட் தேர்தலில் நின்ற அல் ஃப்ராங்கன் நல்ல உதாரணம். அவர் முஸ்லிமல்ல, ஆண். பல ஆண்டுகள் தொலைக்காட்சிக்கு நகைச்சுவை எழுதியவர். எதிரணி அவரது பழைய எழுத்துகளைத் தோண்டியெடுத்து, இடம் பொருள் நீக்கி, வெறும் வாசகமாக மக்கள்முன் வைத்தது. நகைச்சுவையிலிருந்து நகைச்சுவையை நீக்கிவிடும் இயந்திரம் என்று அதை அவர் பிறகு கேலி செய்தார். மறு எண்ணிக்கைக்குப் பின் 312 வாக்குகளில் வென்று, 2009 ஜூலையில்தான் பதவியேற்க முடிந்தது. சபையில் சிரிப்பை அடக்கியே இருந்தார். 2018 ஜனவரியில் பதவி விலகினார். பெண்களிடம் முறைகேடாக நடந்தார் என்ற புகார்கள் அதற்குக் காரணம். 2006-ல், உறங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மீது கை வைப்பது போல வேடிக்கைக்கு எடுத்த படமும் அவற்றில் ஒன்று. வேடிக்கை யாருக்கு என்று அப்போது அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

பணத்திலும் சிக்கல் உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் உரைகளுக்குச் சன்மானம் வாங்குவது 1991 முதல் தடை. மேடையேறிச் சம்பாதிப்பவர் பதவிக்கு வந்தால் அந்த வருமானத்துக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

மைசூனுக்கும் அடி விழாமல் இல்லை. 2011-ல் கீத் ஆல்பர்மன் நடத்திய அரசியல் நிகழ்ச்சியில் கருத்துரையாளராக வரத் தொடங்கினார். அவர் என்ன சொன்னார் என்பதை விட்டுவிட்டு, அவர் ஏன் நடுங்குகிறார், அவர் முகம் எப்படி இருக்கிறது என்று இணையத்தில் ஏசினார்கள். உள்ளூர் மேடைகளில் அதுவரை அவர் காணாத குரூரம் அது. 2013 டிசம்பரில் நிகழ்த்திய டெட் உரையில் அதையே எடுத்துப் பேசினார். தம்மைப் பார்த்துத் தாமே முதலில் சிரித்துவிட்டதால், ஏசியவர்களின் கையில் மிச்சம் எதுவும் இருக்கவில்லை. அந்த உரை உலகமெங்கும் பரவியது.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது? பெண் பொதுப் பொறுப்பை ஏற்பது பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹுதூத், கிஸாஸ் நீங்கலான வழக்குகளில் பெண் நீதி வழங்கலாம் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலைப்பாடு. நாட்டின் தலைமைப் பொறுப்பு குறித்த விவாதம் தனி. அதை இங்கே நாம் தொடவில்லை.

நகைச்சுவைக்கு வரம்பு தெளிவாக இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் வேடிக்கையாகப் பேசியிருக்கிறார்கள். வாகனம் கேட்டு வந்தவரிடம் ஒட்டகத்தின் குட்டியைத் தருவதாகச் சொன்னார்கள். குட்டியை வைத்து என்ன செய்வது என்று அவர் திகைத்தபோது, எல்லா ஒட்டகமும் ஓர் ஒட்டகத்துக்குக் குட்டிதானே என்று விளக்கினார்கள். அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இது பதிவாகியிருக்கிறது. வேடிக்கையிலும் உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை என்று அவர்கள் கூறியதும், மக்களைச் சிரிக்க வைக்கப் பொய் சொல்பவருக்குக் கேடு என்று எச்சரித்ததும் அறிவிப்புகளில் வருகின்றன. பிறரைப் பரிகசிக்கக் கூடாது என்ற ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-ஆம் வசனம் ஆண்களைச் சொல்லிவிட்டுப் பெண்களைத் தனியாகவும் குறிப்பிடுகிறது.

இந்த அளவுகோலை வைத்து மைசூனைப் பார்த்தால், அவரது சிறந்த கதைகள் தம் உடலும் தம் தகப்பனாரும் தம் வீடும் பற்றியவை. எளியவரைக் குத்துவதில்லை. அதற்காக அவர் பேசிய எல்லாவற்றையும் குடும்பத்தோடு அமர்ந்து கேட்கலாம் என்று நாம் சொல்லமாட்டோம். வயது வந்தோருக்கான மேடைகளில் அவர் நாவு கட்டற்றே ஓடும். அவர் உடையும் நம் வீட்டு வழக்கப்படி இருக்காது. பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவோர் டெட் உரையிலிருந்து தொடங்கலாம். அதையும் முதலில் பெற்றோர் பார்த்துக்கொள்வது நல்லது.

2019 ஜனவரியில் இல்ஹான் உமர், ரஷீதா தலைப் இருவரும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நுழைந்த முதல் முஸ்லிம் பெண்களானார்கள். அவர்களில் ரஷீதா, மைசூனைப் போலவே ஃபலஸ்தீனப் பெற்றோரின் மகள். அதே ஆண்டு மைசூன் ‘ஜெனரல் ஹாஸ்பிடல்’ தொலைக்காட்சித் தொடரில் ஒரு வழக்கறிஞராக நடித்தார். பல்கலைக்கழகத்தில் கேட்ட கேள்வியை அவர் விடவில்லை. மாற்றுத்திறனாளி வேடங்களை மாற்றுத்திறனாளிகளுக்கே கொடுக்க வேண்டும் என்று தொடர்ந்து பேசிவருகிறார். ஃபலஸ்தீன அகதி முகாம்களில் உள்ள மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் அநாதைகளுக்கும் ‘மைசூன்ஸ் கிட்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கி, கலைவழிப் பயிற்சி தந்தார். 2024-ல் சிறுவர்களுக்காக ‘ஷைனி மிஸ்ஃபிட்ஸ்’ என்ற சித்திரக்கதை நூலை எழுதினார். அதன் நாயகிக்கும் பெருமூளை வாதம். அவளும் நடனம் ஆடுகிறாள்.